டீச்சரிடம் கேளுங்கள்: சிவப்பு சாக்பீஸ் யாருக்கு வேண்டும்?

சிவகாசி வட்டாரத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் பணியாற்றி ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர், சின்னக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்பிப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.

தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ‘இளம் மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பதில் எனது தத்துவம்’ என்று நான்கு பக்கம் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். தோழிகள் எல்லோரும் இணையத்திலிருந்து எடுத்து எழுதுகிறார்கள். எல்லார் நோட்டிலும் ‘குழந்தை மையக் கல்வி’, ‘மகிழ்ச்சியான சூழல்’ என்று ஒரே வரிகள். உங்கள் தத்துவம் என்ன, டீச்சர்?
– பயிற்சி மாணவி, மன்னார்குடி

தத்துவம் என்ற பெரிய சொல் எனக்கு ஒத்து வராது, அம்மா. ஒரு வழக்கம் உண்டு. அதை வைத்துத்தான் காலம் தள்ளினேன். ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் வாய் திறந்தால், அதனால் அந்தப் பிள்ளைக்கு ஏதாவது கிடைத்தாக வேண்டும். சாக்பீஸ் கிடைக்கட்டும், விளையாட்டில் முதல் ஆட்டம் கிடைக்கட்டும், ஒன்றுமில்லையென்றால் வகுப்பே சிரிக்கும் ஒரு சிரிப்பாவது கிடைக்கட்டும். எதுவும் கிடைக்காத வாக்கியத்தை ஏழு வயதுப் பிள்ளை எதற்காக மனத்தில் வைத்திருக்க வேண்டும்? பரீட்சை வரைக்கும் வைத்திருக்கும், மறுநாள் மறந்துவிடும். குற்றம் பிள்ளை மேல் இல்லை.

செயல்வழிக் கற்றல் வந்தபோது வகுப்பறைச் சுவரைச் சுற்றிப் பிள்ளைகள் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை அமைத்தார்கள், நினைவிருக்கிறதா? ஆளுக்கு ஒரு கட்டம். எழுத எல்லோருக்கும் ஆசை, கலர் சாக்பீஸ் என்றால் அடிதடியே நடக்கும். டப்பாவை என் மேசைக்குக் கொண்டு வந்துவிட்டேன். வெள்ளை சாக்பீஸ் கேட்காமலே கிடைக்கும். கலர் வேண்டுமென்றால் ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். முதலில் ‘ரெட்’ என்று சொன்னாலே போதும். கொஞ்ச நாள் கழித்து ‘ரெட் சாக், ப்ளீஸ்’. அப்புறம் ‘கிவ் மீ த ரெட் சாக், ப்ளீஸ்’. வரிசையில் நிற்கிற பிள்ளை, முன்னால் நிற்பவன் சொல்வதைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். அடுத்தது தன் முறையல்லவா? நான் தொண்டை கிழியக் கத்தியிருந்தாலும் அந்தக் கவனம் எனக்குக் கிடைத்திருக்காது.

ஒரு பெண் குழந்தை இருந்தாள். அம்மாவும் பாட்டியும் வீட்டில் தீப்பெட்டி ஒட்டுகிறவர்கள். வகுப்பில் அவள் குரலை நாங்கள் அதிகம் கேட்டதில்லை. அன்று வரிசையில் வந்து நின்று, தரையைப் பார்த்தபடி ‘ரெட்’ என்றாள். நான் வேண்டுமென்றே நீல சாக்பீஸைக் கொடுத்தேன். சாக்பீஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள். ‘நோ. ரெட்.’ மஞ்சளைக் கொடுத்தேன். ‘நோ எல்லோ, டீச்சர்! ரெட்! ரெட்!’ பின்னால் நின்ற கூட்டம் கைதட்டிச் சிரித்தது, அவளும் சிரித்துவிட்டாள். இலக்கணப்படி பார்த்தால் அதில் ஒரு முழு வாக்கியம்கூட இல்லை. என் கணக்கில் அந்த வகுப்பில் நடந்த முதல் ஆங்கில உரையாடல் அதுதான். அதற்கப்புறம் எல்லாப் பிள்ளைகளுக்கும் நான் தப்பான சாக்பீஸையே எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றாகிவிட்டது. மறுப்பதில் அவ்வளவு ருசி.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ்.பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் ஒரு சோதனை நடத்தினார். பெங்களூர்த் திட்டம் என்று இன்றைக்கும் உலகம் முழுக்கப் பேசுகிறார்கள். இலக்கணம் நடத்தாமல், ரயில் அட்டவணையையும் வரைபடத்தையும் பிள்ளைகளிடம் கொடுத்து, எந்த வண்டி எப்போது போய்ச் சேரும் என்று கண்டுபிடிக்கச் சொன்னார். கவனமெல்லாம் விடையில் இருக்கும், ஆங்கிலம் அந்தப் போக்கிலேயே உள்ளே போகும். அவர் மாணவர்கள் வயதில் பெரியவர்கள். என் பிள்ளைகளுக்கு ரயில் அட்டவணை எட்டாது, சாக்பீஸ் டப்பா எட்டியது.

நீங்கள் கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் பள்ளியில் ஒரு பிள்ளையைப் பார்த்து வையுங்கள். அதற்கு எது வேண்டும், அதை வாங்க எந்த ஆங்கிலச் சொல் உதவும் என்று எழுதுங்கள். நான்கு பக்கம் போதாது. உங்கள் விரிவுரையாளர் ‘குழந்தை மையக் கல்வி’ எங்கே என்று கேட்டால், பிள்ளையின் பெயரைக் காட்டுங்கள்.

ஈராசிரியர் பள்ளியில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்துகிறேன். பார்வைக்கு வந்த அலுவலர், ஆங்கில வகுப்பில் ஒரு தமிழ்ச் சொல்கூட வரக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஆங்கிலத்தில் பேசினால் பிள்ளைகள் சுவரைப் பார்க்கிறார்கள். பாதிப் பேருக்கு வீட்டு மொழி தெலுங்கு. என்ன செய்வது?
– ஆசிரியர், கிருஷ்ணகிரி மாவட்டம்

தம்பி, உங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் ஏற்கெனவே இரண்டு மொழி தெரிந்தவர்கள். முதலில் அதைப் பெருமையாக அவர்களிடமே சொல்லுங்கள். மூன்றாவது மொழி அவர்களுக்கு நம்மைவிடச் சுலபம்.

தமிழ் வேண்டுமா, வேண்டாமா என்பதில் பெரிய சிக்கல் இல்லை. எதைத் தமிழில் சொல்வது, எதை ஆங்கிலத்தில் சொல்வது என்று நீங்கள் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தினமும் நடக்கிற காரியங்களை ஆங்கிலத்துக்குக் கொடுத்துவிடுங்கள்: வருகைப் பதிவு, தண்ணீர் குடிக்கப் போவது, கதவைச் சாத்துவது, நோட்டை எடுப்பது, அடுத்து யார் முறை என்பது. நாள் தவறாமல் அதே நேரத்தில் அதே வாக்கியம் வந்தால் பொருள் தானாகப் புரியும். புது விளையாட்டின் விதிமுறையைத் தமிழில் சொல்லுங்கள். அதை ஆங்கிலத்தில் விளக்கப் பத்து நிமிடம் செலவழித்தால் விளையாட நேரமிருக்காது. அடிபட்டுக்கொண்டு வரும் பிள்ளையிடம் தமிழில் பேசுங்கள், தெலுங்கு தெரிந்தால் தெலுங்கில். கண்டிப்பதும் தமிழில்தான். ஆங்கிலத்தில் திட்டு வாங்கும் பிள்ளை ஆங்கிலம் என்றாலே திட்டு என்று முடிவு கட்டிவிடும்.

புது வாக்கியம் அறிமுகமாகும் அன்று மட்டும் இப்படிச் செய்யலாம்: ‘ஷட் த டோர்’ என்று சத்தமாக, ‘கதவைச் சாத்து’ என்று ஒருமுறை தாழ்ந்த குரலில், மறுபடி ‘ஷட் த டோர்’ என்று சத்தமாக. மறுநாள் தமிழ் இல்லை, கையால் காட்டினால் போதும். அதற்கடுத்த நாள் கையும் வேண்டாம். ஒவ்வொரு வரிக்கும் தினமும் தமிழ் சொல்லிக்கொண்டே இருந்தீர்களானால், பிள்ளைகள் புத்திசாலிகள், ஆங்கிலம் ஓடும்போது காதை மூடிக்கொண்டு தமிழ் வரும்போது திறப்பார்கள்.

மூன்று வகுப்பு ஒன்றாக இருப்பதை நினைத்துக் கவலைப்படாதீர்கள். தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்ததிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகத்தானே நடத்துகிறீர்கள்? வாய்மொழி விளையாட்டில் மூன்று நிலையும் ஒன்றாக உட்காரட்டும். மலர் நிலைப் பிள்ளை கட்டளை சொல்லட்டும், அரும்பு நிலைப் பிள்ளை செய்து காட்டட்டும். அலுவலரிடம் வாதாட வேண்டாம். மத்திய அரசின் பாடத்திட்ட அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. ஆங்கிலம் கற்பித்தலுக்கென்று 2006இல் வெளியிட்ட அறிக்கையே, ஆங்கிலம் மற்ற இந்திய மொழிகளோடு கைகோத்து நிற்க வேண்டும் என்று சொல்கிறது. அச்செடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். பார்வைக்கு வருகிறவர்கள் மேசையைப் பார்க்காமல் போக மாட்டார்கள்.

மகள் யு.கே.ஜி. படிக்கிறாள். பாட்டெல்லாம் ஒப்பிக்கிறாள். ‘வாட் இஸ் யுவர் நேம்?’ என்று வீட்டுக்கு வந்த உறவினர் கேட்டால் என் முந்தானைக்குப் பின்னால் ஒளிகிறாள். கட்டிய பணம் வீணா?
– ஓர் அம்மா, திருப்பூர்

அந்த உறவினருக்கு அவள் பெயர் தெரியாதா? தெரியும். அது அவளுக்கும் தெரியும். தெரிந்ததையே கேட்கும் கேள்விக்கு நீங்களும் நானும்கூடப் பதில் சொல்ல மாட்டோம்.

பேசுவதற்கு முன் கேட்டுக்கொண்டே இருக்கும் காலம் ஒன்று எல்லாக் குழந்தைக்கும் உண்டு. தமிழையும் அவள் அப்படித்தானே கற்றாள்? ஒரு வயது வரை நீங்கள் பேசினீர்கள், அவள் கேட்டாள். அப்போது பணம் வீணாகிறது என்று யாரும் பதறவில்லை. ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் இதை வைத்தே ஒரு முறையை உருவாக்கினார். ஆசிரியர் சொல்வார், மாணவர் உடம்பால் செய்து காட்டுவார், வாய் திறக்கச் சொல்லிக் கட்டாயமில்லை. எல்லாப் பள்ளியிலும் ‘ஸ்டாண்ட் அப்’, ‘சிட் டவுன்’ என்ற இரண்டும் எந்தப் பிள்ளைக்கும் மறக்காது, பார்த்திருப்பீர்கள். அவற்றை யாரும் மனப்பாடம் செய்யச் சொன்னதில்லை, நிற்கவும் உட்காரவும் மட்டுமே சொன்னார்கள்.

அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று பார்க்க விரும்பினால் கேள்வி கேட்காதீர்கள், வேலை கொடுங்கள். ‘பிரிங் த ஸ்பூன்.’ ‘புட் த பால் அண்டர் த சேர்.’ பந்து நாற்காலிக்கு அடியில் போனால் பணம் வீணாகவில்லை. உறவினர் வந்தால் முறுக்குத் தட்டை நீட்டச் சொல்லுங்கள், போதும்.

எங்கள் காலத்தில் இலக்கணம் கரைத்துக் குடித்தோம். வினைச்சொல்லின் மூன்று வடிவங்களையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். என் பேரனுக்கு இரண்டாம் வகுப்பில் ஓர் இலக்கண விதிகூடச் சொல்லித் தரவில்லை. இது என்ன கல்வி?
– ஒரு தாத்தா, ஸ்ரீவில்லிபுத்தூர்

ஐயா, நீங்கள் கரைத்துக் குடித்தபோது உங்களுக்குப் பதினோரு, பன்னிரண்டு வயது ஆகியிருக்கும். பேரனுக்கு ஏழு. அதுவே பாதிப் பதில்.

மீதிப் பாதி: அவனுக்கு இலக்கணம் வேண்டும்தான், விதியாக வேண்டாம். தமிழில் வினைச்சொல் கடைசியில் வந்து உட்காரும், ஆங்கிலத்தில் நடுவில். அதனால் நம் பிள்ளைகள் ‘டீச்சர், ஐ வாட்டர் டிரிங்க்’ என்பார்கள். நான் ‘தப்பு’ என்று சொன்னதில்லை. ‘யூ வாண்ட் டு டிரிங்க் வாட்டர்? யெஸ், கோ அண்ட் டிரிங்க் வாட்டர்’ என்று சொல்லி அனுப்புவேன். தண்ணீரும் கிடைத்தது, சரியான வரிசையும் காதில் விழுந்தது. அடுத்த மாதமோ அடுத்த ஆண்டோ அது வாயில் வந்துவிடும். அவசரம் நமக்குத்தான், அவனுக்கில்லை. அந்த மூன்று வடிவங்களைப் பேரனுக்குச் சொல்லித்தர மனம் துடித்தால் ஐந்தாம் வகுப்பு வரை பொறுங்கள். அதுவரை மாலையில் தாயக்கட்டை ஆடும்போது எண்களை ஆங்கிலத்தில் எண்ணுங்கள்.

எங்கள் குடியிருப்பில் ஒலிமுறை ஆங்கில வகுப்பு என்று தனியாகப் பணம் வாங்குகிறார்கள். அது தேவையா? என் பையன் ‘இஸ்கூல்’, ‘பஸ்ஸு’ என்கிறான். அதுவும் சரியாகுமா?
– ஓர் அப்பா, தாம்பரம்

ஒலிமுறை, அதாவது எழுத்துகளை அவற்றின் ஒலியாகச் சொல்லிக் கூட்டிப் படிக்கும் முறை, தேவை. தனியாகப் பணம் கட்டுவது தேவையில்லை.

நம் மொழியில் எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்றே. ‘ம’ என்ற எழுத்தை ‘ம’ என்றே சொல்கிறோம். ‘ப’வையும் ‘டி’யையும் சேர்த்தால் ‘படி’ வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் பெயர் வேறு, ஒலி வேறு. ‘எச்’ என்ற பெயருக்குள் ‘ஹ’ என்ற ஒலியைத் தேடினாலும் கிடைக்காது. ‘டபிள்யூ’வில் ‘வ’ எங்கே? ‘சீ, ஏ, டீ’ என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள், எத்தனை முறை சொன்னாலும் ‘கேட்’ என்று ஆகாது. ஆனால் வகுப்பு முழுக்கச் ‘சீஏடீ கேட்’ என்று கோஷம் போடுகிறது, பூனைப் படத்தைப் பார்த்து. படத்தை மறைத்தால் கோஷம் நின்றுவிடும். தமிழ் படிக்கத் தெரிந்த பிள்ளை ஆங்கிலத்தில் தடுமாறுவதற்கு இது பெரிய காரணம். எழுத்துக்கு ஒலி உண்டு என்று தமிழ் அவனுக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது. நாம் அந்த அறிவைப் பயன்படுத்தாமல் பெயர்களை ஒப்பிக்கச் சொல்கிறோம்.

26 எழுத்துகளையும் வரிசையாக முடித்துவிட்டுத்தான் சொல்லுக்குப் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எஸ், ஏ, டேபிளுக்கு வரும் டி, பேனாவுக்கு வரும் பி, ஐ, என். இந்த ஆறையும் ஒலியாகச் சொல்லிக் கொடுங்கள். பிரிட்டன் பள்ளிகளில் பெரும்பாலும் இவற்றில்தான் தொடங்குகிறார்கள். இந்த ஆறை வைத்தே சிட், பின், டின், டிப், நிப் என்று பிள்ளை தானே கூட்டிப் படித்துவிடும். தானே படித்தோம் என்ற நினைப்பு இருக்கிறதே, அதற்கு எந்த வகுப்புக் கட்டணமும் ஈடாகாது. ஆனால் ‘தி’, ‘வாஸ்’, ‘ஆஃப்’ மாதிரிச் சொற்கள் ஒலிக்குக் கட்டுப்படாதவை. அவற்றை முகம் பார்த்துத்தான் பழக வேண்டும். எட்வர்ட் டால்ச் என்ற அமெரிக்கர் 1936இல், குழந்தைகள் படிப்பதில் அடிக்கடி வரும் 220 சொற்களை ஒரு பட்டியலாகப் போட்டார். அதில் பெயர்ச்சொல்லே கிடையாது. அட்டையில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒரு நேரத்தில் நான்கைந்து ஒட்டுங்கள்.

‘இஸ்கூல்’ பற்றி: நம் சொற்கள் ‘ஸ்க’ என்று தொடங்குவதில்லை, அதனால் நாக்கு முன்னால் ஓர் ‘இ’யைச் சேர்த்துக்கொள்கிறது. வல்லின மெய்யில் சொல் முடிவதும் நமக்குப் பழக்கமில்லை, அதனால் ‘பஸ்ஸு’. பாம்பைப் போலச் ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீட்டிவிட்டுக் ‘கூல்’ என்று முடிக்கச் சொல்லுங்கள், சிரித்துக்கொண்டே சரியாகச் சொல்வான். அவனைத் தொந்தரவு செய்ய வேண்டிய இடம் வேறு. நமக்கு ஒரே ‘ப’தான், ஆங்கிலத்தில் பேனாவின் பி வேறு, பந்தின் பி வேறு. ஒரு துண்டுக் காகிதத்தை உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டுப் ‘பென்’ என்று சொல்லச் சொல்லுங்கள், காகிதம் ஆட வேண்டும். பந்தைக் குறிக்கும் ‘பால்’ சொன்னால் ஆடக் கூடாது. ‘ஃபேன்’ என்பதற்கு மேல் பல் கீழ் உதட்டில் பட வேண்டும், கண்ணாடி முன்னால் நின்று பார்த்துக்கொள்ளட்டும். என் வகுப்பில் மூக்கொழுகிக்கொண்டு வரும் பிள்ளைகள்கூடக் காகிதம் ஆடுகிறதா என்று பார்க்க அடித்துக்கொண்டு வருவார்கள். ஆடாத காகிதத்தை அடுத்தவன் ஊதி ஆட வைப்பதும் உண்டு.

முதல் வகுப்புப் படிக்கும் மகன் சின்ன எழுத்துகளில் பந்தின் பியையும் நாயின் டியையும் மாற்றி மாற்றி எழுதுகிறான். மூளையில் ஏதும் குறையா?
– ஓர் அம்மா, கடலூர்

இல்லை, அம்மா. பிறந்ததிலிருந்து அவன் பார்த்த நாற்காலி எந்தப் பக்கம் திரும்பினாலும் நாற்காலிதான். திரும்பியதும் பெயர் மாறும் பொருளை முதல் முறையாக ஆங்கிலத்தில்தான் பார்க்கிறான். சின்ன எழுத்தில் நான்கு எழுத்துகள் ஒரே கோடும் ஒரே வட்டமுமாக நான்கு பக்கம் பார்த்து நிற்கின்றன. ஏழு வயது வரை இந்தக் குழப்பம் மிகச் சாதாரணம்.

இரண்டையும் ஒரே வாரத்தில் சொல்லிக் கொடுப்பதுதான் குழப்பத்தை வளர்க்கும். பந்தின் பி நன்றாகப் பதிந்து சில வாரம் போன பிறகு நாயின் டியை எடுங்கள். இரண்டு கையையும் முஷ்டியாக மடக்கி, கட்டை விரல்களை நிமிர்த்தி, முஷ்டிகளை ஒட்ட வைக்கச் சொல்லுங்கள். இடக்கை பந்து பி, வலக்கை நாய் டி. ‘பெட்’ என்ற சொல் கட்டில் மாதிரியே கையில் நிற்கும். பரீட்சையில் பிள்ளைகள் மேசைக்கு அடியில் முஷ்டியை மடக்கிப் பார்ப்பார்கள், நான் பார்க்காதது போல இருந்துவிடுவேன். நான்கு கோடு நோட்டில் பக்கம் பக்கமாக எழுத வைக்காதீர்கள், தப்பாகவே நூறு முறை எழுதிப் பழகிவிடுவான்.

எட்டு வயதுக்கு மேலும் நீடித்தால், தமிழ் படிப்பதிலும் சிரமம் இருந்தால், வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். தயங்காமல் அழைத்துப் போங்கள்.

ஆங்கிலக் கார்ட்டூன் பார்த்தால் ஆங்கிலம் வருமா?
– வாசகி, தென்காசி

தனியாகப் பார்த்தால் கார்ட்டூன் வரும். பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே கதையைத் திரும்பத் திரும்பப் போட்டு, நடுவில் நிறுத்தி ‘அடுத்து என்ன சொல்லும்?’ என்று கேட்டால் ஆங்கிலம் கொஞ்சம் வரும். அந்த நேரம் உங்களுக்கு இருந்தால் கார்ட்டூனே தேவைப்படாது.

எங்கள் பள்ளியில் ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் சொற்பம். பாடநூலைத் தாண்டி எதைப் படிக்கக் கொடுப்பது?
– ஆசிரியை, சாத்தூர்

சாத்தூரில் இருந்துகொண்டு படிக்க ஒன்றுமில்லை என்று சொல்லலாமா? பக்கத்தில் சிவகாசி முழுக்க அச்சகம். எங்கள் பிள்ளைகள் நோட்டுக்கு அட்டை போடுவதே அச்சகத்தில் கழித்துப் போட்ட தாள்களில்தான். காலண்டர் தாள், தீப்பெட்டி லேபிள், மத்தாப்புப் பெட்டியின் மேல் தாள். ஒரு நாள் எல்லா நோட்டையும் அட்டையோடு தரையில் பரப்பச் சொன்னேன். யார் நோட்டில் ‘மேட் இன் இந்தியா’ இருக்கிறது? யார் நோட்டில் ‘ஸ்டார்’? ‘சேஃப்டி மேட்சஸ்’ என்பதைத் தன் வீட்டுத் தொழில் என்று தெரிந்த பிள்ளை எவ்வளவு வேகமாகப் படித்தது தெரியுமா? அச்சுப் பிசகி இரண்டு முறை விழுந்த எழுத்துகளைக்கூடப் படித்தார்கள். மறுவாரம் அவரவர் வீட்டிலிருந்து கொண்டு வந்து குவித்துவிட்டார்கள், பீரோவில் இடமில்லாமல் போயிற்று.

பத்து ரூபாய் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கட்டும். பின்பக்கத்தில் 15 மொழிகளில் அதே தொகை இருக்கிறது, தமிழ் எங்கே என்று தேடட்டும். பஸ்ஸில் ‘எமர்ஜென்சி எக்ஸிட்’, மின்மாற்றிப் பெட்டியில் மண்டையோட்டோடு ‘டேஞ்சர்’. நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் கடையில் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து, தேதி முடிந்துவிட்டது என்று கடைக்காரரிடம் வாதாடி வேறு பாக்கெட் வாங்கி வந்தான். பள்ளியில் அவன் அடைந்த பெருமையைச் சொல்லி முடியாது. பிஸ்கட்டை யாருக்கும் தரவில்லை என்பது வேறு கதை.

1920களில் டாக்காவில் கல்வித் துறையில் இருந்த மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் இதை வேறு வழியில் யோசித்தார். வங்கத்துப் பிள்ளைகளில் பலர் பாதியிலேயே பள்ளியை விட்டுப் போகிறார்கள், போகும்போது கையில் உருப்படியாக ஒன்றாவது இருக்க வேண்டும், அதற்குப் பேச்சைவிடப் படிப்பே முக்கியம் என்றார். பேச்சைப் பின்னால் தள்ளியதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பாதியில் போகும் பிள்ளையை நினைத்துப் பாடத்திட்டம் போட்ட அந்த மனம் எனக்குப் பிடிக்கும். எங்கள் பக்கத்திலும் ஒரு காலத்தில் தீப்பெட்டி ஆலை வண்டி விடிகாலையில் ஊருக்குள் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனது.

மகள் படிக்கும் பள்ளியில் தமிழில் பேசினால் அபராதம். வீட்டிலும் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் சொன்னார்கள். நான் எட்டாவது வரை தமிழ்வழியில் படித்தவள். அவமானமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம், ஈரோடு

அவமானம் அவர்களுக்கு வர வேண்டியது. ஐந்து வயதுக் குழந்தை தாய்மொழியில் ஆயிரக்கணக்கான சொற்களோடு பள்ளிக்கு வருகிறாள். மாமன் மகன், சித்தப்பா, நேற்று, நாளை மறுநாள், ‘மழை வந்தால் போக மாட்டோம்’ என்பது வரை அவளுக்குத் தெரியும். அத்தனையையும் வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வா என்று சொல்வதற்குப் பெயர் ஆங்கிலம் கற்பித்தல் இல்லை. கனடாவில் ஜிம் கம்மின்ஸ் என்ற மொழிக் கல்வி ஆய்வாளர் 1970களின் இறுதியிலிருந்தே இதைத்தான் எழுதி வருகிறார்: முதல் மொழியில் ஊன்றிய அறிவு இரண்டாவது மொழிக்கும் போய்ச் சேரும். காரணம் சொல்லவும் ஒப்பிடவும் கதையைக் கோவையாகச் சொல்லவும் தமிழில் தெரிந்த பிள்ளை, ஆங்கிலத்தில் அதற்குச் சொல் கிடைத்தால் போதும், செய்துவிடும்.

நீங்கள் தமிழில் பேசுங்கள், நிறையப் பேசுங்கள். வெங்காயம் உரிக்கும்போது கதை சொல்லுங்கள், ‘அப்புறம் அவன் ஏன் அப்படிச் செய்தான்?’ என்று கேளுங்கள். அரைகுறை ஆங்கிலத்தில் ‘கம்’, ‘ஈட்’, ‘ஸ்லீப்’ என்று மூன்று சொல்லோடு அவளை வளர்த்தால் அவளுக்கு இரண்டு மொழியும் நஷ்டம்.

ஆங்கிலத்துக்காக ஒன்று செய்யலாம். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவளை ஆசிரியை ஆக்கிவிட்டு நீங்கள் மாணவியாக உட்காருங்கள். அன்று படித்ததை உங்களுக்குச் சொல்லித் தரட்டும். வேண்டுமென்றே தப்பாகச் சொல்லுங்கள், திருத்துவாள். அவள் வகுப்பு டீச்சரின் குரலிலேயே உங்களைத் திட்டுவாள், அந்தப் பள்ளியில் என்ன நடக்கிறது என்பதும் அதிலிருந்து தெரிந்துவிடும். அபராதத்தைப் பற்றித் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள். பெற்றோர் நான்கைந்து பேராகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பதில் வரும்.

டீச்சர், ஏ பி சி டியில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று எதற்கு இரண்டு? தமிழில் ஒன்றுதானே இருக்கிறது?
– இரண்டாம் வகுப்பு மாணவன், ராஜபாளையம் (அக்கா எழுதித் தந்தது)

பெரிய எழுத்து ரோமாபுரிக்காரர்கள் உளியால் கல்லில் வெட்டியது. கல்லில் நேர்க்கோடு வெட்டுவது சுலபம், அதனால் அவற்றில் அத்தனை நேர்க்கோடுகள். பிறகு பேனாவும் மையும் வைத்துத் தோலில் எழுதியவர்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. வேகமாக எழுத எழுத எழுத்து வளைந்து உருண்டு சின்ன எழுத்தாகிவிட்டது. ஏறக்குறைய 1,200 ஆண்டுகளுக்கு முன்னால் சார்லமேன் என்ற ராஜா காலத்தில் அது ஒழுங்கான வடிவத்துக்கு வந்தது. அப்புறம் இரண்டையும் விட மனமில்லாமல் இரண்டையுமே வைத்துக்கொண்டார்கள், உங்கள் வீட்டில் பழைய சைக்கிளையும் புது சைக்கிளையும் வைத்திருக்கிற மாதிரி.

உன் பெயரை ஆங்கிலத்தில் எழுதி, முதல் எழுத்தை மட்டும் பெரிதாகப் போட்டு, இந்தப் பத்திரிகை முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை அனுப்பு. அக்கா எழுதக் கூடாது. கீழே உனக்குப் பிடித்த கலரையும் ஆங்கிலத்தில் எழுது, அந்தக் கலர் பேனாவில் உனக்குப் பதில் வரும்.